மின்னொளி கபடிப் படமெல்லாம் கலங்குது: சோனிக்கு மாறவா, லென்ஸ் வாங்கவா?

கோட்டோரம்:
வணக்கம் நண்பர்களே. என்கிட்ட இருக்கறது கேனன் 200டி மார்க் 2 கேமரா. கூடவே வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 55-250 எஸ்டிஎம் லென்ஸ். பகல்ல எடுத்தா ஒரு குறையும் சொல்ல முடியாது. பொங்கல் வந்தா எங்க பக்கம் ஊருக்கு ஊர் மின்னொளி கபடி. பிரச்சினை அங்கதான். நாலு மூலையிலயும் கம்பம் நட்டு விளக்குப் போட்டிருப்பாங்க. கண்ணுக்குப் பட்டப்பகல் மாதிரி இருக்கும். படத்துல பார்த்தா, பாடிப் போறவரோட கை மட்டும் புகை மாதிரி இழுபட்டுக் கிடக்கும், பின்னால இருட்டெல்லாம் ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும்.

கூட வேலை பார்க்கிற ஒருத்தர் சோனி வச்சிருக்கார். "அதை வித்துத் தொலைச்சிட்டு இந்தப் பக்கம் வா"ன்னு தினமும் நச்சரிக்கிறார். கையில 60,000 ரூபாய் இருக்கு. மாறிடலாமா, இல்ல நல்ல லென்ஸா ஒண்ணு வாங்கலாமா?

ஃபிலிம்காலத்து ஆள்:
தம்பி, பிராண்டை அப்புறம் பார்ப்போம். கலங்கின படம் ஒண்ணைத் திறந்து ஷட்டர் (எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சு), அப்பர்ச்சர் (லென்ஸ் வாய் எவ்வளவு திறந்துச்சு, எஃப் எண் சின்னதானா வாய் பெருசு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுச்சு), எத்தனை மி.மீ. (எவ்வளவு கிட்ட இழுத்தீங்க)ன்னு பார்த்துச் சொல்லுங்க. ஃபோகஸ் எந்த மோடுல இருந்துச்சு? லென்ஸ் முன்னாடி ஃபில்டர் ஏதாவது மாட்டியிருக்கீங்களா?

கோட்டோரம்:
85 மி.மீ., எஃப் 4.5, 1/125 நொடி, ஐஎஸ்ஓ 6400. ஃபோகஸ் ஒன் ஷாட்ல இருந்திருக்கு அண்ணா, நான் அதை மாத்தினதே இல்ல. ஃபில்டர் இருக்கு, லென்ஸ் வாங்கினப்போ 150 ரூபாய்க்குக் கடையில மாட்டிவிட்டாங்க.

நீங்க கேட்டதுக்கு அப்புறம் போன போட்டியில எடுத்த 412 படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். முக்கால்வாசி 70 மி.மீ.க்கும் 100 மி.மீ.க்கும் நடுவுல. 200-ஐத் தொட்டது பதினொண்ணுதான், அதுவும் கோப்பை கொடுக்கும்போது.

ஃபிலிம்காலத்து ஆள்:
அப்போ பாதி விடை உங்க கையிலயே இருக்கு. ஒன் ஷாட்ல பட்டனைப் பாதி அழுத்தினதும் ஃபோகஸ் பூட்டிக்கும். ஆள் அடுத்த நொடி ரெண்டடி முன்னால போயிருப்பார், கேமரா பழைய இடத்தையே பார்த்துட்டிருக்கும். ஏஐ சர்வோவுக்கு மாத்துங்க, அது ஆள் நகர நகர ஃபோகஸையும் கூடவே நகர்த்தும். வியூஃபைண்டர்ல உங்களுக்கு ஒன்பது ஃபோகஸ் புள்ளிதான், அதுல நடுப்புள்ளிதான் கெட்டி. அதை மட்டும் வச்சுக்கிட்டு அவரோட நெஞ்சுலயே பிடிங்க. அந்த 150 ரூபாய் கண்ணாடியைக் கழட்டி மேசை டிராயர்ல போடுங்க. விளக்குக்கு எதிரா எடுக்கும்போது பச்சைப் பொட்டு விழுந்திருக்குமே?

இனி வெளிச்சக் கணக்கு. பாயற ஆளை நிறுத்த 1/500 வேணும். இப்போ 1/125. அதாவது நாலு மடங்கு வெளிச்சம் குறையுது. எஃப் 4.5-லிருந்து எஃப் 1.8-க்கு வந்தா ஆறு மடங்கு சொச்சம் கிடைக்கும். நாலு மடங்கு ஷட்டருக்குப் போனாலும் மிச்சத்துல ஐஎஸ்ஓவை 4000-க்கு இறக்கலாம். நீங்க எடுக்கற தூரத்துக்கு, உங்க கேமராவுல மாட்டற கேனன் இஎஃப் 85 மி.மீ. எஃப் 1.8 அளவெடுத்துத் தைச்ச மாதிரி. 1992-ல வந்த லென்ஸ், பழசு நிறையக் கிடைக்கும்.

கண்ணைப் பிடி:
எல்லாரும் லென்ஸ், லென்ஸுன்னு சொல்றதால எதிர்க்கட்சியா ஒரு வார்த்தை. உங்களது மாதிரி உள்ள பிம்பக் கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆர்ல புள்ளியை ஆள் மேல வச்சுக்கிட்டே திரிய வேண்டியது நம்ம வேலை. அந்தக் கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ்ல கேமராவே முகத்தையும் கண்ணையும் தேடிப் பிடிச்சுப் பின்னாலயே போகும். ஏழு பேர் சங்கிலி கோத்து நிக்கற இடத்துல அது பெரிய விஷயம். சோனி மவுண்ட்டுக்கு (லென்ஸ் மாட்டற வாய்) சிக்மா, டாம்ரான் மாதிரி வேற கம்பெனி லென்ஸும் எக்கச்சக்கம். கேனன் மிரர்லெஸ்ஸோட ஆர்எஃப் மவுண்ட்டுக்கு சிக்மா ஆட்டோஃபோகஸ் லென்ஸ் அறிவிச்சதே 2024-லதான்.

ஃபிலிம்காலத்து ஆள்:
ஒத்துக்கறேன். ஆனா 60,000-க்கு கேமரா பாடி வாங்கினா, அதோட எந்த லென்ஸ் வரும்? சோனியோட 16-50 கிட் லென்ஸை முழுசா இழுத்தா எஃப் 5.6. கேனன் ஆர்எஃப்-எஸ் 18-45 எஃப் 6.3. தம்பி இப்போ வச்சிருக்கறதை விட இருட்டு. ரெண்டும் 50 மி.மீ.யைத் தாண்டாது, இவருக்கு வேண்டியது 85. கண்ணைக் கச்சிதமா பிடிக்கும், கை புகையாத்தான் இருக்கும். பெரிய சென்சார் வச்ச ஃபுல் ஃபிரேமுக்குப் போனாலும் வெளிச்சத்துல லாபம் ரெண்டு மடங்கு சொச்சம், அதுக்கு இந்தக் காசு பத்தாது.

கல்யாண கேமரா:
நான் மாறினவன். நிக்கான்ல பத்து வருஷம், அப்புறம் சோனி. வருத்தமில்ல, ஆனா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கங்க. நிக்கான்ல லென்ஸ் மாட்ட ஒரு பக்கம் திருகணும், சோனியில அதுக்கு எதிர்ப்பக்கம். மாறின முதல் முகூர்த்தம். கெட்டிமேளம் கொட்டியாச்சு, லென்ஸ் மாத்தலாம்னு கை பழைய பழக்கத்துல திருகுது, கழண்டு வரல. தாலி ஏறினதை நான் பார்க்கவே இல்ல, கூட வந்த பையன் எடுத்ததை வச்சு ஆல்பம் முடிச்சோம்.

பாடியை மட்டும் மாத்தறதா நினைச்சேன். லென்ஸ், ஃபிளாஷ், பேட்டரி, சார்ஜர்னு ஒவ்வொண்ணா மாறி ஒண்ணரை வருஷம் ஆச்சு. எனக்கு வேலை அது, சம்பாதிச்சுத் தேத்திட்டேன். பொங்கலுக்கு நாலு நாள் எடுக்கறவருக்கு அந்தத் தலைவலி தேவையான்னு பாருங்க.

கோட்டோரம்:
இப்போ இஎஃப் லென்ஸ் வாங்கி, ரெண்டு வருஷம் கழிச்சு மிரர்லெஸ் வாங்கினா இந்தக் காசு வீண்தானே?

கல்யாண கேமரா:
கேனனுக்குள்ளயே போனா வீணாகாது. இஎஃப் லென்ஸ்ல மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 44 மி.மீ. ஆர்எஃப்ல 20. நடுவுல 24 மி.மீ. கனத்துக்கு ஒரு வளையம், அவ்வளவுதான் அடாப்டர். உள்ள லென்ஸ் கண்ணாடியே கிடையாது, ஃபோகஸ் நல்லாவே ஓடும். சோனியில மாட்டவும் அடாப்டர் இருக்கு, ஆனா ஓடற ஆளைத் துரத்தறதுக்கு அதை நம்பாதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி வாடகைக்கு எடுங்க. பழசு வாங்கினா பின்பக்கமிருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை.

கோட்டோரம்:
சனிக்கிழமை பக்கத்து ஊர்ல போட்டி, 85-ஐ வாடகைக்கு எடுத்துட்டுப் போனேன். ஃபில்டர் இல்ல, ஏஐ சர்வோ, நடுப்புள்ளி, 1/500. ஒரு படம், பாடிப் போனவர் போனஸ் கோட்டைத் தொட்டுட்டுத் திரும்பறார், கணுக்காலைப் பிடிக்க ஒருத்தர் பாயறார், காத்துல தெறிச்ச மண்ணு துகள் துகளா நிக்குது. கூட வேலை பார்க்கிறவர்கிட்ட காட்டினேன், "எந்த பாடி இது?"ன்னு கேட்டார்.

ரெண்டு குறை. பாடறவர் தெளிவா இருந்தா பிடிக்கறவர் மங்கறார். அப்புறம், வரிசையா அஞ்சு படம் எடுத்தா ஒண்ணு மஞ்சளா, ஒண்ணு இருட்டா வருது. முன்னாடி இப்படி இல்லையே, லென்ஸ் கோளாறா?

ஃபிலிம்காலத்து ஆள்:
முதல் குறை எஃப் 1.8-க்கு நீங்க கொடுக்கற விலை. எட்டு மீட்டர் தூரத்துல தெளிவா விழறது ரெண்டடி ஆழம்தான். எஃப் 2.8-க்கு மூடினா மூணடி ஆகும், வெளிச்சம் பாதிக்கும் கீழ போயிடும்.

ரெண்டாவது விளக்கோட வேலை, லென்ஸ் மேல பழி போடாதீங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். 1/125-ல அந்தத் துடிப்பு ஏறக்குறைய முழுசா உள்ள விழுந்துடும், அதான் முன்னாடி தெரியல. 1/500-ல அஞ்சுல ஒரு பங்குதான் விழும், அது மேடா பள்ளமாங்கறது உங்க அதிர்ஷ்டம். 1/250-க்கு இறங்கி ரா-வுல (கேமரா திருத்தாத மூலப்படமா) எடுங்க, நிறத்தைக் கணினியில சரி பண்ணிக்கலாம். பாடறவர் கையை நீட்டின நுனியில ஒரு கணம் நிப்பார், அங்க 1/250 போதும்.

மிரர்லெஸ்ல, சென்சாரே படத்தை வரி வரியா படிக்கற எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டு எடுத்திருந்தா இதே விளக்கு படத்துல பட்டை பட்டையா விழுந்திருக்கும். உங்க நண்பர்கிட்ட கேட்டுப் பாருங்க.

கோட்டோரம்:
கேட்டேன். சிரிச்சிட்டு, "அதை மெக்கானிக்கல்ல போட்டுக்கணும்பா"ன்னார். பழைய 85 ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், நாளைக்கு டார்ச்சோட போறேன்.