ரிப்பன் ஆடுற பிள்ளைக்கு எத்தனை வயசு வரைக்கும்?

பாயான் லெப்பாஸ் அம்மா:
வணக்கம். என் மகளுக்கு 8 வயசு, தமிழ்ப்பள்ளியில ரெண்டாம் ஆண்டு. போன வருஷ லீவுல சும்மா பொழுது போகட்டும்னு ரிதமிக் ஜிம்னாஸ்டிக் கிளாஸ்ல சேர்த்தேன், அதான் ரிப்பன், பந்து மாதிரி வச்சுக்கிட்டு பாட்டுக்கு ஆடற விளையாட்டு. இப்ப கோச் கூப்பிட்டு, "வாரத்துக்கு அஞ்சு நாள் அனுப்புங்க, இவ தேறுவா"ங்கறாங்க. நான் ஃபேக்டரியில ஷிப்ட். வீட்டுக்காரர், "20 வயசுல முடிஞ்சு போற விளையாட்டுக்கு இவ்வளவு அலைச்சலா?"ங்கறார். மாமியார் அந்த உடுப்பைப் பாத்ததுமே முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நெசமாவே எத்தனை வயசு வரைக்கும் ஆடலாம்? அதுக்கப்புறம் என்ன? யாராச்சும் அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பட்டர்வொர்த் மாமா:
என் அண்ணன் மகளை இப்படித்தான் நீச்சலுக்கு அனுப்புனாங்க. படிவம் மூணுல நின்னுட்டா. மிச்சம் ஒரு பை நிறைய ஈரத்துணி. படிவம் அஞ்சுல வர்ற எஸ்பிஎம் பரீட்சையைப் பாருங்கம்மா.

முடிச்சு விழுந்த ரிப்பன்:
அக்கா, நான் ஆடுனவ. 9 வயசுல ஆரம்பிச்சு 19ல நிறுத்துனேன். இப்ப கேஎல்ல (கோலாலம்பூர்) இருக்கேன்.

உங்க வீட்டுக்காரர் கணக்கு தப்பில்ல. சீனியர் பிரிவுல ஆடணும்னா அந்த வருஷத்துக்குள்ள 16 ஆகணும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்ல தனிநபர் தங்கம் வாங்குன ஜெர்மனி பொண்ணு தார்யா வர்ஃபோலோமியேவுக்கு அப்ப 17. ரஷ்யாவோட எவ்கேனியா கனாயேவா 2008லயும் 2012லயும் தங்கம் வாங்கி, அந்த வருஷமே 22 வயசுல ஓய்வு எடுத்துக்கிட்டாங்க. மத்தவங்க முதல் வேலைக்கு மனு போடற வயசு அது.

ஆனா உள்ள இருந்தா அது குறுகுனதா தெரியாது. 13 மீட்டர் சதுர விரிப்பு, ஒன்றரை நிமிஷத்துக்கு மேல போகாத பாட்டு. அதுக்காக வருஷம் பூரா ஒரே தூக்கி எறியறதைப் பழகுவோம். சீனியருக்கு ரிப்பன் 6 மீட்டர், ஜூனியருக்கு 5. ஏர்கான் காத்து கொஞ்சம் பட்டாலும் அது போற வழி மாறிடும், அதனால எங்க ஹால்ல ரிப்பன் நேரத்துல ஏர்கானை நிறுத்திடுவாங்க. அந்த வெக்கையில வேர்வை கண்ணுக்குள்ள இறங்கும், துடைக்கக் கை காலி இருக்காது.

ஒரு போட்டியில பாட்டு ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ரிப்பன்ல முடிச்சு. விரிப்பு ஓரத்துல மாத்து ரிப்பன் இருந்துச்சு. ஓடிப்போய் அதை எடுக்கறதா, ஆடிக்கிட்டே அவிழ்க்கறதான்னு யோசிக்கறதுக்குள்ள பாட்டு பாதி போயிடுச்சு. பாட்டு நமக்காக நிக்காது. அன்னிக்கு அம்மா ஒன்னும் பேசல. முந்தின ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் என் லியோடார்ட்ல, அதான் ஆடற உடுப்புல, கல்லு ஒட்டிக்கிட்டு இருந்தவங்க.

நான் உண்மையில சொல்ல வந்தது சாப்பாட்டைப் பத்தி. எனக்கு ஒரு கோச் தினமும் தராசு வச்சு எடை பாத்தாங்க. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வாங்கினா சோத்தை ஒதுக்கிட்டு, வெள்ளரிக்காயும் அவிச்ச முட்டையும் மட்டும் சாப்பிடுவேன். 16 வயசு வரைக்கும் வயசுக்கு வரல. உடம்புக்குப் போதுமான தீனி இல்லாததுதான் காரணம்னு பிற்பாடு டாக்டர் சொன்னார். கீழ் முதுகு எலும்புல விரிசலும் விழுந்துச்சு. அதுலதான் நின்னேன், வயசால இல்ல. எல்லா கோச்சும் அப்படி இல்ல, அதையும் சொல்லிடறேன். ஆனா கேக்காம அனுப்பாதீங்க: பிள்ளை முதுகு வலிக்குதுன்னா யார் நிறுத்துவாங்க? எடை பாக்கறாங்களா?

அப்புறம் என்னன்னா, கோச் ஆகலாம், நடுவர் பரீட்சை எழுதலாம். 1998ல கேஎல்ல நடந்த காமன்வெல்த் போட்டியில குழுத் தங்கம் வாங்குன நம்ம மலேசியப் பொண்ணுங்கள்ல சரீனா சுந்தரராஜாவும் ஒருத்தர். பின்னாடி சொந்தமா கிளப் தொடங்குனாங்க. நான் பிசியோதெரபி படிச்சேன். சாயங்காலம் சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றேன், தராசு இல்லாம.

பிரிக்பீல்ட்ஸ் டீச்சர்:
பரதம் சொல்லித் தர்றேன். என்கிட்ட வந்த ஜிம்னாஸ்டிக் பிள்ளைங்க காலைத் தலைக்கு மேல தூக்கறாங்க, ஆனா அரைமண்டியில ரெண்டு நிமிஷம் உக்கார முடியல. அரங்கேற்றத்தை 30 வயசுலயும் செய்யலாம்மா. அதனால பரதம் காத்திருக்கும். மாமியார்கிட்ட அதைச் சொல்லிப் பாருங்க.

பாயான் லெப்பாஸ் அம்மா:
தங்கச்சி, நீங்க சொன்னதைப் படிச்சிட்டு ராத்திரி தூக்கமே வரல. இன்னிக்கு கோச்கிட்ட ரெண்டையும் கேட்டேன். முதுகு கேள்விக்கு, வலின்னா அன்னிக்கு உக்கார வச்சிடுவேன், டாக்டர் கடிதம் இல்லாம திரும்ப ஆட விடமாட்டேன்னு உடனே சொன்னாங்க. எடையைப் பத்திக் கேட்டதும் கொஞ்சம் தடுமாறுனாங்க, "பெரிய பிள்ளைங்களுக்கு மட்டும்தான்"னாங்க. அதனால இந்த வருஷம் முடியற வரைக்கும் மூணு நாள் மட்டும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். முகம் சுளிச்சாங்க, பரவாயில்ல.

இன்னொன்னு. ரிப்பனைப் பையில அமுக்கி வச்சதுல சுருங்கிப் போச்சு. அயர்ன் பண்ணலாமா?

முடிச்சு விழுந்த ரிப்பன்:
பண்ணலாம்க்கா. இளஞ்சூட்டுல, மேல மெல்லிசுத் துணி போட்டு. அப்புறம் மடிக்காதீங்க, சுருட்டி வைங்க.