மறு: இசைத்தட்டுக் கலைச்சொற்கள் – ‘டெட் வாக்ஸ்’ தமிழில்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஜாஸ் இசைத்தட்டுச் சேகரிப்புக் கட்டுரைக்காக எடுத்த பட்டியலில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. இசைத்தட்டு, ஊசி, உறை ஆகியவற்றில் யாருக்கும் சண்டையில்லை. ‘பிரஸ்ஸிங்’ என்பதற்கு ‘அச்சு’ என்று போன வாரமே முடிவானதில் எனக்கு மகிழ்ச்சி. முதற்பதிப்பு வேறு, மறுஅச்சு வேறு என்று நம் புத்தக உலகம் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. தட்டுக்கும் அதே பிரிவுதான் வேண்டும். ‘குரூவ்’ (தட்டில் ஊசி ஓடும் கோடு) என்பதற்கு ‘வரி’ என்று வைத்துக்கொண்டே மேலே போகிறேன். பள்ளம் என்றால் நம் சாலைதான் நினைவுக்கு வருகிறது.

இழுபறி ‘டெட் வாக்ஸ்’ ஒன்றில்தான். கடைசி இசை வரி முடியும் இடத்துக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளுக்கும் இடையே பளபளவென்று கிடக்கும் அந்த வளையம். வந்த கருத்துகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> நேரடியாக ‘இறந்த மெழுகு’ என்றே வைத்தால் என்ன? ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு நம் சொல்லே தேவையில்லையே ஐயா. அதோடு அந்தத் தட்டில் மெழுகு கிடையாது, அது பிவிசி, அதாவது வினைல். ஒரு காலத்தில் ஒலியை மெழுகில் வெட்டினார்கள். அந்த வழக்கம் போன பிறகும் ஆங்கிலத்தில் சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கு அது பழைய பழக்கம், நமக்கு அந்தப் பழக்கமே இருந்ததில்லை. ‘இறந்த மெழுகில் ஆர்விஜி என்ற கீறல் இருக்கிறதா என்று பார்’ என்று எழுதினால் படிப்பவர் துக்க வீடு என்று நினைத்துக்கொள்வார்.

> ‘வெற்று வளையம்’ அல்லது ‘வெறுவளையம்’. வெறுங்கை, வெறுவயிறு போல.

‘வெறுவளையம்’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருள் நேர் எதிராகப் போகிறது. பாட்டு இல்லாததால் கேட்பவருக்கு அது வெறுமை. சேகரிப்பவருக்கோ தட்டில் முதலில் பார்க்கும் இடமே அதுதான். கடையில் பழைய ஜாஸ் தட்டு எடுப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். உறையை ஒரு பார்வை, லேபிளை ஒரு பார்வை. அப்புறம் தட்டை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்து அந்த வளையத்தையே மெதுவாகச் சுற்றுவார்கள். அங்கே எழுத்து இருக்கிறது. நேர் வெளிச்சத்தில் தெரியாது, சாய்ந்த ஒளியில் மட்டும் மயிரிழைக் கீறலாக மேலெழும்.

ப்ளூ நோட் தட்டையே எடுத்துக்கொள்வோம். 1950களிலும் 60களிலும் அந்த நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளில் பெரும்பகுதியைச் செய்தவர் ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியில் ஹாக்கென்சாக் என்ற ஊரில், பெற்றோர் வீட்டு வரவேற்பறைதான் அவருடைய ஒலிப்பதிவுக்கூடம். 1959-இல் எங்கில்வுட் கிளிஃப்ஸில் தனிக்கூடம் கட்டிப் போனார். நாடாவில் பதிவு செய்வதோடு நிற்காமல், அதிலிருந்து தட்டுக்கு வரி வெட்டுவதையும் தானே செய்தார். அப்படி வெட்டிய தட்டுகளின் வளையத்தில் தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளான ‘ஆர்விஜி’யைக் கையால் கீறி வைத்தார். பின்னாளில் அது ‘வான் கெல்டர்’ என்ற முத்திரையாக மாறியது. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெயின்’, 1957 செப்டம்பரில் அந்த வரவேற்பறையில் பதிவானது. அதன் பழைய அச்சைச் சாய்த்துப் பார்த்தால் பட்டியல் எண்ணும் அந்த மூன்றெழுத்தும் தெரியும்.

கூடவே இன்னொரு குறி. அப்போது ப்ளூ நோட்டுக்குத் தட்டு அழுத்திக் கொடுத்த ஆலை பிளாஸ்டிலைட். அதன் குறி சுழித்து எழுதிய ஓர் ஆங்கில ‘பீ’. பார்க்கக் காது மாதிரி இருப்பதால் சேகரிப்பவர்கள் ‘காது’ என்றே சொல்கிறார்கள். (இதற்குக் கலைச்சொல் தேடி யாரும் மெனக்கெட வேண்டாம். காது காதுதான்.) 1960களின் நடுவில் லிபர்ட்டி நிறுவனம் ப்ளூ நோட்டை வாங்கியதும் பிளாஸ்டிலைட்டோடு உறவு முடிந்தது, காதும் போனது. ஆனால் அச்சடித்து வைத்திருந்த பழைய லேபிள்கள் மீந்திருந்தன. வீணாக்குவானேன் என்று புதிய ஆலைத் தட்டுகளின் நடுவில் அவற்றையே ஒட்டினார்கள். அதனால் பழைய நியூயார்க் லேபிளோடு, காதில்லாத லிபர்ட்டி கால அச்சு இன்றும் சந்தையில் சுற்றுகிறது. லேபிளை மட்டும் பார்த்து வாங்கியவர் ஏமாந்தார். வளையத்தைப் படித்தவர் தப்பித்தார். இப்படிப்பட்ட இடத்துக்கு ‘வெறு’ என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கீறல் தட்டுக்கு வந்து சேரும் வழியையும் சொல்லிவிடுகிறேன், சொல் தேர்வுக்கு உதவும். முதலில் வெட்டுவது அலுமினியத் தகட்டின் மேல் பூசிய மென்பூச்சில், ஆங்கிலத்தில் ‘லாக்கர்’. அதன்மேல் உலோகம் படியவைத்து உரித்தால் எதிர்ப்படிவம். அதிலிருந்து ஒரு நேர்ப்படிவம், அதிலிருந்து மறுபடியும் ஓர் எதிர்ப்படிவம். இந்தக் கடைசியைத்தான் அழுத்து இயந்திரத்தில் பூட்டுகிறார்கள். ஆக, பூச்சில் அவர் கீறிய எழுத்து மூன்று உலோகத் தலைமுறைகளைக் கடந்து தட்டில் நேராகவே விழுகிறது. கோயில் அதிட்டானத்துக் கல்வெட்டைப் போல, யார் செய்தது என்பது பொருளின் உடம்பிலேயே இருக்கிறது. அதனால் அந்த எழுத்துக்கு ‘வளையப் பொறிப்பு’ என்பதே என் பரிந்துரை. கல்வெட்டுத் துறையில் ‘பொறிப்பு’ நன்றாகப் புழங்கிய சொல்.

> ‘ஓய்வளையம்’ – இசை ஓய்கின்ற வளையம், அழகான வினைத்தொகை. அல்லது ‘முடிவளையம்’.

இலக்கணப்படி இரண்டும் சரி. ஆனால் ‘முடிவளையம்’ என்று பார்த்ததும் எனக்குத் தலைமுடியில் மாட்டும் ரப்பர் வளையம்தான் தோன்றியது, வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். ‘ஓய்வளையம்’ பார்வைக்கு ‘ஓய்வு’ என்று தொடங்கிப் பாதியில் தடுக்குகிறது. பொருளிலும் ஒரு சிக்கல் உண்டு. ஊசி அங்கே ஓய்வதில்லை. இசை முடிந்ததும் அகன்ற சுருளாக ஒரு வரி ஊசியை உள்ளே இழுத்துப்போகும், அப்புறம் மூடிய வட்டமாக ஒரு வரியில் மாட்டும். நாம் எழுந்து போய் எடுக்கும்வரை, நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் 1.8 விநாடிக்கு ஒருமுறை ‘டுக்’ என்று தட்டிக்கொண்டே இருக்கும். சுருளுக்கு ‘வெளிவரி’, மூடிய வட்டத்துக்குப் ‘பூட்டுவரி’ எனலாம். இரண்டும் வளையத்தின் மேல் ஓடும் வரிகள், வளையம் அல்ல. கட்டுரையில் இது குழம்பக்கூடாது.

இடத்தை வைத்துப் பெயர் சொல்வதே என் விருப்பம்: கடைவளையம். கடைக்கண், கடைவாய் என்று ஓரத்தையும் முடிவையும் குறிக்க ‘கடை’ நமக்குப் பழகிய முன்னொட்டு. மெழுகும் இல்லை, சாவும் இல்லை, வெறுமையும் இல்லை. ஒருவர் ‘கடைவரி’ என்று எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம், வணிகர் சங்கம் போராட்டத்துக்கு வந்துவிடும்.

> லாக்கர் = அரக்கு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. 78 சுற்றுத் தட்டுகள் உண்மையிலேயே அரக்கில் செய்தவை, அரக்கோடு கல்தூள் கலந்து. 1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்பி என்ற நெடுநேரத் தட்டைக் கொண்டுவந்த பிறகுதான் வினைல் பரவியது. ‘அரக்குத் தட்டு’ என்பதை அந்தப் பழைய தட்டுகளுக்கே விட்டுவைப்போம். வெட்டும் தகட்டின் பூச்சு நைட்ரோ செல்லுலோஸ், அரக்குப் பூச்சிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ‘வெட்டுத்தட்டு’ என்றால் வேலையிலிருந்தே பொருள் விளங்கும். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் அப்போலோ ஆலை எரிந்தபோது, உலகில் வெட்டுத்தட்டு செய்ய ஜப்பானில் ஒரே ஓர் ஆலைதான் மிஞ்சியது. இந்தச் செய்தியைக் கட்டுரையில் சேர்க்கத்தான் போகிறோம். அங்கே ‘அரக்கு’ என்று எழுதினால் வாசகர் 78 சுற்றுத் தட்டுக்குப் போய்விடுவார்.

> இத்தனை எழுத்தும் கீறலும் எதற்கு? இசையைக் கேட்டால் போதாதா?

நியாயமான கேள்வி. எனக்கும் சில சேகரிப்பாளர்களைப் பார்த்தால் இப்படித்தான் தோன்றும். தட்டைச் சாய்த்துப் பார்ப்பதோடு சரி, ஓடவிடுவதே இல்லை. ஆனால் அச்சுக்கு அச்சு ஒலி மாறுவது மெய். கொலம்பியா போன்ற பெரிய நிறுவனம் ஒரே பக்கத்துக்குப் பல வெட்டுத்தட்டுகள் வெட்டி வெவ்வேறு ஆலைகளுக்கு அனுப்பியது. கடைவளையத்தில் எண்ணின் வாலில் வரும் ‘1ஏ’, ‘1பி’ போன்றவை எந்த வெட்டு என்று சொல்பவை.

அதற்காக முதல் அச்சே சிறந்தது என்றும் கட்டுரையில் எழுதிவிடக்கூடாது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959-இல் வெளிவந்தது. அந்த ஆண்டு மார்ச் 2-ஆம் தேதிப் பதிவில் நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் தட்டில் சற்று வேகமாக, சுருதி ஏறி ஒலித்தன. 1992 மறுவெளியீட்டில்தான் சரிசெய்தார்கள், சரியான வேகத்தில் ஓடிய மாற்று நாடாவிலிருந்து. ஆக, பெரும் விலை கொடுத்து வாங்கும் முதல் அச்சில் சுருதி பிசகு, மலிவான இன்றைய அச்சில் சரியான சுருதி. கூட வாசித்துப் பழகுகிறவருக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கும் புதியதே போதும்.

‘கடைவளையம்’, ‘வளையப் பொறிப்பு’, ‘வெளிவரி’, ‘பூட்டுவரி’, ‘வெட்டுத்தட்டு’ ஐந்தையும் பகிர்வுத் தாளில் ஏற்றியிருக்கிறேன். ‘மேட்ரிக்ஸ் எண்’ (எந்த வெட்டு என்று சொல்லும் அந்தக் கடைவளைய எண்) பாக்கி. ‘அச்சு எண்’ என்று வைத்தால் ‘பிரஸ்ஸிங்’கோடு இடிக்கிறது, ‘வெட்டு எண்’ பொருந்தலாம். மறுப்பு இருப்பவர்கள் தாளிலேயே குறிப்பு எழுதிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை ஏற்றிவிடலாம்.

அன்புடன்