பேட்ரிஸ்டிக்ஸ்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

ம. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆதித் திருச்சபை வரலாறு படிக்க எங்கள் சிங்கப்பூர் சபை நூலகத்துக்கு வருகிறவர்களுக்காக இருமொழிக் கையேடு ஒன்று தயாரிக்கிறோம். எதை எந்த உசாத்துணை நூலில் தேடலாம் என்று சொல்லும் பதினாறு பக்கம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

ஒரு தலைப்பில் மாட்டிக்கொண்டேன். ஆதித் திருச்சபையின் 'தந்தையர்' எனப்படும் அத்தனாசியு, கிறிசோஸ்தோம், அகுஸ்தீன் போன்றவர்களின் எழுத்தை ஆராயும் துறை, ஆங்கிலத்தில் பேட்ரிஸ்டிக்ஸ். 'திருத்தந்தையியல்' என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்த கத்தோலிக்க நண்பர், "போப்பாண்டவரைப் பற்றியதா?" என்று கேட்டார். மீஞ் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இவர்கள் எழுத்தைத் தொகுத்துப் பதிப்பித்த வரிசையில் லத்தீன் மட்டும் 221 தொகுதி, கிரேக்கம் 161. அத்தனைக்கும் மேலே ஒட்ட ஒரு சீட்டுத்தான் கேட்கிறேன்.

செ., ஈசூன்:

நண்பர் கேட்டது நியாயம். திருத்தந்தை ரோமில் இருக்கிறார், பிதா பரலோகத்தில் இருக்கிறார், ஃபாதர் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் பூசை வைக்கிறார். இவர்களை எங்கே உட்கார வைப்பது?

'குரவரியல்' என்று வையுங்கள். நால்வரைச் சமயக் குரவர் என்கிறோம், மெய்கண்டார் வழியினரைச் சந்தானக் குரவர் என்கிறோம். அதே பொருள்தான். நல்ல தமிழ்.

ரா.:

நல்ல தமிழா? வடமொழி 'குரு'வின் பன்மை அண்ணே அது. வால் ஒட்டினால் தமிழாகிவிடுமா?

செ.:

ஆசாரக்கோவையில் அரசன், ஆசான், தாய், தந்தை, தமையன் ஐவரும் குரவர். தந்தையும் அதில் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். வடசொல் வடவெழுத்தை விட்டுவிட்டு வரலாம் என்றார் தொல்காப்பியர். இது செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே வந்திருக்கிறது?

ரா.:

அந்தப் பாட்டிலேயே ஆசான் 'உவாத்தியாயன்'தான். போகட்டும். 'முதுவரியல்' என்பேன். முது என்ற வேரைப் பாருங்கள்: முதல், முதிர்வு, மூத்தோர், மூதுரை. முத்துகூட முதிர்ந்ததுதான். முதுகையும் சேர்க்கலாம், நம்மைத் தாங்குவது...

ல., தெம்பனிஸ்:

முதுகு வரைக்கும் வந்தாச்சு, சரி. முதுவர் என்றால் எங்கள் சபையில் மூப்பர் கமிட்டியைத்தான் நினைப்பார்கள். போன மாதம்தான் தேர்தல் நடந்தது, இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். நம் வீடமைப்புக் கழகம் செய்தித்தாளில் வீவக, வாயில் எச்டிபி. அச்சில் பெருவிரைவு ரயில், ஏறுவது எம்ஆர்டியில். குரவரியல் என்றால் வள்ளி வீட்டாரைப் பற்றியது என்று எழுதிவைப்பார்கள். 'சபைத் தந்தையர்' என்று போட்டால் ஓரளவு புரியும், மீதியை நான் வகுப்பில் சொல்லிக்கொள்கிறேன்.

செ.:

'இணையம்' வந்தபோதும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். நம் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி வைத்த பெயர் என்பார்கள், இன்று உலகமே சொல்கிறது.

ல.:

இணையம் தினமும் தேவைப்பட்டது அண்ணே.

அ.:

இடையில் ஒன்று. லத்தீன் தந்தையரில் கடைசியாக எண்ணப்படும் ஸ்பெயினின் செவீயா நகர ஆயர் இசிதோர் 636இல் மறைந்தார், ஏறக்குறைய அப்பர் காலம். அவருடைய பெரிய நூலே சொற்பிறப்பு பற்றியது, இருபது புத்தகம், காட்டிய வேர்களில் பல கற்பனை. நம் குழுவில் சேர்த்திருக்கலாம்.

அப்புறம், சபைத் தந்தையரின் கிரேக்கத்துக்கு லாம்பே தொகுத்த அகராதி (1961) கையேட்டில் உண்டா? பண்டைக் கிரேக்கத்துக்கான லிடெல்-ஸ்காட் அகராதியில் நன்றாக விளக்கிய சொற்களை அவர் மறுபடி விளக்கவில்லை. தனியாக எடுத்தால் சாதாரணச் சொல்லே கிடைக்காது. இரண்டையும் ஒரே தட்டில் வையுங்கள். தலைப்பைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

ம.:

லாம்பே குறிப்புக்கு நன்றி, சேர்த்துவிட்டேன். தனிமடலில் வந்தவற்றையும் கூட்டினால் 'சபைத் தந்தையர் ஆய்வு' பக்கம் ஐந்து பேர், குரவருக்கு இரண்டு, முதுவருக்கு ரா. மட்டும். தந்தையரைத் தலைப்பில் போட்டு, குரவரியலை அடைப்புக்குறிக்குள் வைத்து அனுப்பிவிட்டேன்.

ரா.:

தமிழுக்கு அடைப்புக்குறிக்குள்கூட இடமில்லை. பதிவு செய்கிறேன்.

செ.:

மெய்ப்பு பார்த்தேன். 'குறவரியல்' என்று வல்லின ற போட்டிருக்கிறார்கள். திருத்த நேரம் இருக்கிறதா?