எவாப்பரேட்டரில் காணாமல் போகும் டிகிரிகள்: உங்கள் கதை என்ன?

சர்க்கரை ஆலை, உற்பத்திப் பிரிவு:

எவாப்பரேட்டர், அதாவது திரவத்தைக் காய்ச்சித் தண்ணீரை ஆவியாக்கி அடர்த்தியாக்கும் கருவி, ஓட்டிய ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது அரவைப் பருவம். நாலு பாடி செட்: வரிசையாக நாலு கலன்கள், ஒன்றில் எழும் ஆவிதான் அடுத்ததைச் சூடாக்கும், அழுத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகும். மணிக்கு 100 டன் தெளிந்த சாறு, பிரிக்ஸ் (கரைந்திருக்கும் திடப்பொருளின் சதவீதம்) 15. அடர்த்தியான சாறு, அதாவது சிரப், 60-இல் வர வேண்டும். 100 × 15 ÷ 60 = 25 டன் சிரப்; மீதி 75 டன் தண்ணீர் ஆவியாக வேண்டும். ஆனால் பத்து நாளாக சிரப் 54-ஐத் தாண்டவே இல்லை.

ஆறு பிரிக்ஸ்தானே என்று தோன்றும். 54-இல் சிரப் 27.8 டன். அதில் கூடுதலாக இருக்கும் 2.8 டன் தண்ணீரை அடுத்து வரும் பேனில்தான் (சர்க்கரையைப் படிகமாக்கும் கலனில்) காய்ச்ச வேண்டும். நாலு பாடியில் ஒரு கிலோ ஸ்டீமுக்கு நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் போகும். பேனில் ஒன்றுக்கு ஒன்று தேறினாலே பெரிது. எரிக்கக் கரும்புச் சக்கை போதவில்லை என்று பாயிலர் ஆட்கள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

குழாயில் படிவு என்று எல்லோரும் சொன்னோம். ஆலையை நிறுத்தி, காஸ்டிக் சோடா கொதிக்கவைத்து, பிரஷ் விட்டு எடுத்தோம். இரண்டு நாள் 57 வந்தது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

நான் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டர்பைனிலிருந்து வரும் எக்ஸாஸ்ட் ஸ்டீம் 127 டிகிரி, கடைசி பாடி ஆவி 52. மொத்தம் 75 டிகிரி வித்தியாசம்; சூட்டைச் சாற்றுக்குள் தள்ளுவது இதுதான். சர்க்கரை கரைந்திருப்பதால் கொதிநிலை ஏறுவதற்கு நாலு பாடிக்கும் சேர்த்து 6 கழித்தேன். சூடு கடத்தும் குழாய்களின் பரப்பளவு போதும் என்றுதான் தாள் சொன்னது.

லீவு முடிந்து வந்த மூத்த ஆபரேட்டர் தாளைப் பார்க்கவே இல்லை. நாலாவது பாடியின் லெவல் கண்ணாடியைப் பார்த்தார். “சாறு கொதிக்கணும் தம்பி, முழுகிக் குளிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, குழாய் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டத்தை இறக்கினார். அந்த ஷிப்ட் முடிவதற்குள் 59.

ஏன் என்று மறுநாள்தான் புரிந்தது. கடைசி பாடியில் உள்ளே இருக்கும் அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம். அங்கே தண்ணீர் 52-இல் கொதிக்கும். அரை மீட்டர் சிரப் மேலே நின்றால் அடியில் 47 மில்லிமீட்டர் கூடும். 147-இல் கொதிநிலை கிட்டத்தட்ட 60. எட்டு டிகிரி காலி! அதே அரை மீட்டர் சாறு முதல் பாடியில் நின்றால் ஒரு டிகிரிகூடப் போகாது. அழுத்தம் குறையக் குறைய ஒவ்வொரு மில்லிமீட்டரும் கொதிநிலையை அதிகமாகத் தூக்குகிறது. வேக்கம் (குறைந்த அழுத்த) பாடியில் மட்டத்தைக் கவனிக்காமல் பரப்பளவைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திருப்பூர், சாயக்கழிவு நீர் சுத்திகரிப்பு:

சார், உங்கள் எட்டு டிகிரியாவது லெவலை இறக்கியதும் திரும்பி வந்தது. எங்களுடையது வரவில்லை.

2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டு, ஒரு சொட்டும் வெளியே விடாமல் ஓட்டினால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது அதற்குப் பின்னால். ஆர்.ஓ. சவ்வு வடிகட்டி ஒதுக்கும் உப்புத் தண்ணீரை, அதாவது ரிஜெக்டை, காய்ச்ச எம்.வி.ஆர். என்ற வகை எவாப்பரேட்டர் போட்டிருந்தோம். ஸ்டீமுக்குப் பதில் கம்ப்ரசர். வந்த ஆவியையே அழுத்தி, சுமார் 8 டிகிரி சூடேற்றி, அதே குழாய்க்கு வெளியே அனுப்பும்.

டிசைன் செய்தபோது ரிஜெக்டில் இருந்தது பெரும்பாலும் சோடியம் சல்பேட். நிறைசெறிவிலும் (இதற்கு மேல் கரையாது என்ற அளவிலும்) அது கொதிநிலையை 3 டிகிரி அளவுக்குத்தான் ஏற்றும். 8-இல் 3 போனால் 5 மிச்சம். அப்புறம் சில சாயப்பட்டறைகள் விலை பார்த்துச் சாதா உப்புக்கு மாறின. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நிறைசெறிவு உப்புக் கரைசல் 108.7-இல் கொதிக்கும், ஏற்றம் எட்டரைக்கு மேல். கம்ப்ரசர் கொடுப்பது முழுவதையும் உப்பே தின்றுவிட்டது. மின்சார பில் அதே பில்தான், கண்டென்சேட் (ஆவி குளிர்ந்து வரும் தண்ணீர்) மட்டும் வரவில்லை.

கடைசியில் எம்.வி.ஆரில் பாதி அடர்த்தி வரை மட்டும் ஏற்றி, மிச்சத்தை ஸ்டீமில் ஓடும் யூனிட்டுக்குத் தள்ளினோம்.

இன்னொரு கூத்து. சல்பேட் காலத்தில் குழாயில் வெள்ளையாகக் கட்டியபோது, சூடு ஏற்றினால் கரையும் என்று குழாய்க்கு வெளியே போகும் ஆவியின் அழுத்தத்தைக் கூட்டினார் எங்கள் இன்சார்ஜ். சோடியம் சல்பேட் 32.4 டிகிரிக்கு மேல் சூடு ஏற ஏறக் குறைவாகத்தான் கரையும். சூடான குழாய்ச் சுவர்தான் அது படிய மிகப் பிடித்த இடம்! வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவி மீள மூன்று நாள் ஆனது.

பால் பவுடர் தொழிற்சாலை:

எங்களுக்கு டிகிரி சரியாகத்தான் இருந்தது, பால்தான் போதவில்லை. ஃபாலிங் ஃபில்ம் எவாப்பரேட்டர்: பால் குழாயின் உட்சுவரில் மெல்லிய படலமாக வழிந்து இறங்கும். கோடையில் பால் வரத்துக் குறைந்தது. மணிக்கு 10 டன்னுக்குப் பதில் 6 டன் விட்டு ஓட்டினோம். குழாய் நனைகிறதா என்று மேலே வரும் பாலை வைத்துக் கணக்குப் பார்த்து, சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் திடப்பொருள் 12.5 சதவீதத்திலிருந்து 48-க்குப் போகும்போது 10 டன் பால் 2.6 டன்னாகச் சுருங்கும். 6 டன் என்றால் 1.6 கூட இல்லை. காய்வது கடைசிச் சுற்றில், கீழ்ப்பக்கம். பதினொரு குழாயில் பால் கருகி அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து வெளியே போகும் அளவைக் குழாய்களின் மொத்தச் சுற்றளவால் வகுத்துத்தான் பார்க்கிறேன்.

கெமிக்கல் இன்ஜினியரிங், இறுதியாண்டு:

ஐயா, ஒரு சந்தேகம். ஐந்தாவது பாடி சேர்த்தால் அரவையைக் கூட்டலாமா? புராஜெக்டில் அப்படி எழுதியிருக்கிறேன்.

சர்க்கரை ஆலை, உற்பத்திப் பிரிவு:

மாற்றி எழுதுங்கள் தம்பி. ஐந்தாவது பாடி ஸ்டீமை மிச்சப்படுத்தும், மணிக்கு ஆவியாக்கும் அளவைக் கூட்டாது. அதே 75 டிகிரியை நாலு பேருக்குப் பதில் ஐந்து பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். போதாததற்கு கொதிநிலை ஏற்றம் இன்னொரு தடவை கழியும். எங்கள் நிர்வாகமும் இதையே கேட்டு, கோட்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பியது.

திருப்பூர் நண்பர் சொன்ன ‘யாரும் சொல்லவில்லை’ எங்களுக்கும் உண்டு. அந்த மூத்த ஆபரேட்டர் ஓய்வு பெறுவதற்கு முன் நாலாவது பாடியின் லெவல் கண்ணாடி ஓரத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். ஆஃப் சீசனில் பாடிகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்தவர்கள் அதையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். அரவை தொடங்கி ஒரு வாரம், சிரப் 55. இந்தத் தடவை காஸ்டிக் போடவில்லை. நேராகப் போய்க் கோட்டைத்தான் தேடினேன்.