சுற்றுச்சூழல் சுகாதார இடர் மேலாண்மையில் முதுநிலைப் படிப்பு: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி (வேதியியல் மாணவி, தருமபுரி மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். நான் இளநிலை வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பதும், பற்களில் பழுப்புக் கறை படிவதும் வயது ஏற ஏற மூட்டுகள் விறைத்துப் போவதும் அதனால்தான் என்பதும் இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு காவிரி நீர் கிடைக்கிறது என்றாலும், குழாயில் நீர் வராத நாட்களிலும் வயலில் வேலை செய்யும் நேரத்திலும் பழைய கிணற்று நீரையே குடிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இதைப் பார்த்து வளர்ந்ததால், நீரிலும் காற்றிலும் உள்ள நச்சுப் பொருள்களால் மக்களுக்கு நேரும் தீங்கை மதிப்பிட்டுத் தடுப்பதையே என் தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். வீட்டில் பி.எட். முடித்து ஆசிரியர் பணிக்குப் போகச் சொல்கிறார்கள்.

சுற்றுச்சூழல் சுகாதார இடர் மேலாண்மைப் படிப்பும் சாதாரணச் சுற்றுச்சூழல் அறிவியல் முதுநிலைப் படிப்பும் ஒன்றுதானா? மருத்துவம் படிக்காத என்னைப் போன்றவர்களுக்கு இதில் இடம் உண்டா? படித்து முடித்தால் எத்தகைய வேலை கிடைக்கும்? துறையில் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (தொழிற்சாலைகளில் தூசி, இரைச்சல், வேதிப்புகை அளக்கும் பணியில் இருப்பவர், ஓசூர்)

தங்கைக்கு வணக்கம். இரண்டும் ஒன்றல்ல. நீரில் எவ்வளவு ஃப்ளோரைடு இருக்கிறது என்று சொல்வதோடு சுற்றுச்சூழல் வேதியியலின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த நீரை யார், எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் குடிக்கிறார்கள், அவர்கள் உடலுக்குள் எவ்வளவு போகிறது, அதனால் என்ன நேரும், அதைக் குறைக்க எந்த வழி அங்கே செல்லுபடியாகும் என்ற கேள்விகளை எழுப்புவதே நீங்கள் கேட்கும் துறை. இடர் மதிப்பீட்டை நான்கு படிகளாக அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1983-இல் வகுத்துக் கொடுத்தது: தீங்கு விளைவிப்பது எது என்று கண்டறிதல், எந்த அளவுக்கு எந்த விளைவு என்று அறிதல், மக்கள் எந்த அளவுக்கு ஆட்படுகிறார்கள் என்று அளத்தல், மூன்றையும் சேர்த்து இடரை எடுத்துரைத்தல். பெரும்பாலான இடங்களில் பாடம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இவற்றுள் மூன்றாவது படியில்தான் இத்துறையின் உயிர் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் ஊர்ச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500-இன்படி ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி உண்டு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் நாளுக்கு 2 லிட்டர் குடிக்கிறார் என்பது பாடநூல்களில் வழக்கமாகக் கொள்ளப்படும் கணக்கு. நீரில் 1.5 மில்லிகிராம் இருந்தால் அவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.043 மில்லிகிராம் சேர்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தந்துள்ள ஒப்பீட்டு அளவு, அதாவது நாள்தோறும் உட்கொண்டாலும் தீங்கு நேராது எனக் கொள்ளப்படும் அளவு, 0.06; முன்னதைப் பின்னதால் வகுத்தால் விகிதம் 0.7 என ஒன்றுக்குக் கீழே வந்து, கவலைக்கு இடமில்லை என்ற முடிவு கிடைக்கிறது. இப்போது சித்திரை வெயிலில் களை எடுக்கும், 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவர் நாளுக்கு 4 லிட்டர் குடிப்பது வியப்பன்று. அதே நீர் அவருக்கு 0.12 மில்லிகிராம் தருகிறது; விகிதம் 2 ஆகிவிடுகிறது. சோறும் குழம்பும் அதே நீரில் வேகின்றன என்பதையும், தேயிலையிலும் ஃப்ளோரைடு உண்டு என்பதையும் இன்னும் சேர்க்கவில்லை. அதே வேளையில், அந்த 0.06 என்பது குழந்தைகளின் பற்களில் தோன்றும் கறையை அடிப்படையாக வைத்து வகுக்கப்பட்டது; ஆகவே விகிதம் 2 என்றால் அந்தப் பெண்ணுக்கு எலும்பு நோய் உறுதி என்று எழுதிவிடக் கூடாது. எண்ணைப் போட்டுக் காட்டுவதோடு, அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிரித்தறியவும் கற்றுத் தரும் துறையே நல்ல துறை.

ஆகவே கல்லூரியைத் தேடும்போது, மாணவர்கள் தம் கையால் அளவெடுக்கிறார்களா என்பதை முதலில் விசாரியுங்கள். கிரானைட் அறுக்கும் பட்டறையில் சிலிக்கா தூசியை அளப்பதாக வைத்துக்கொள்வோம். தொழிலாளியின் இடுப்பில் சிறிய பம்பைக் கட்டி, சட்டைக் காலரில் வடிதாள் பொருத்திய உறையை மாட்டிவிட வேண்டும். மூக்குக்கு அருகிலிருந்து காற்றை எடுத்தால்தான் அவர் உண்மையில் சுவாசிப்பது தெரியும், மூலையில் வைத்த கருவி அதைச் சொல்லாது. வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் பம்பின் காற்றோட்டத்தைச் சரிபார்த்து, வேறுபாடு மிகுந்திருந்தால் அன்றைய மாதிரியை ஒதுக்கிவிட வேண்டும். இதைச் செய்து பழகாமல் வெறும் சூத்திரத்தோடு வெளியே வருபவர்களுக்கு, அறிக்கையில் உள்ள எண் நம்பத்தக்கதா என்று சொல்லத் தெரிவதில்லை.

வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய தொழிற்சாலைகளின் பாதுகாப்பு, சுகாதாரப் பிரிவுகள், 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள், ஆய்வுக் கூடங்கள் ஆகியவற்றில் இடம் உண்டு. தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறை அளவுக்கு இருக்காது என்பதை வீட்டாரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

மறுமொழி 2 (பொதுச் சுகாதார ஆய்வுப் பணியாளர், சென்னை)

மேலே அண்ணன் சொன்னதோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். அளக்கத் தெரிந்தால் போதாது, நோய்ப்பரவலியலும் (மக்களிடையே நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்று ஆராயும் துறை) புள்ளியியலும் ஆழமாகத் தெரிய வேண்டும்.

போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியியல் துறை, விறகடுப்புப் புகையால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நேரும் பாதிப்பைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அடுப்புப் புகை பற்றி அத்துறை பங்கேற்ற ஹாபின் என்னும் பன்னாட்டு ஆய்வில் இந்தியா, கௌதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டார்கள். இந்தியாவின் பங்கு விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாக வழங்கப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2022-இல் வெளியான முடிவின்படி, குழந்தைகளின் பிறப்பு எடையில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைப் படித்துவிட்டுப் புகை தீங்கற்றது என்று முடிவு கட்டுவது எவ்வளவு பிழையோ, அந்த முடிவை மறைத்துவிட்டு மேடையில் பேசுவதும் அவ்வளவு பிழை. கர்ப்பத்தின் எந்தக் கட்டத்தில் அடுப்பு மாறியது, வீட்டுக்கு வெளியே காற்று எப்படி இருந்தது, பிறப்பு எடை அல்லாத வேறு எந்த விளைவைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் கேட்பதற்கு உங்களைப் பழக்குவதுதான் இந்தப் படிப்பு.

மருத்துவப் பட்டம் கட்டாயமன்று. பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்புகள் பலவற்றில் அறிவியல் பட்டதாரிகளையும் சேர்க்கிறார்கள். ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் தகுதி மாறுவதால், அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பைப் படித்த பிறகே விண்ணப்பியுங்கள். ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால், போபாலில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் சுற்றுச்சூழல் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம், அகமதாபாத்தில் உள்ள தொழில்சார் சுகாதார நிறுவனம், லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றின் திட்டப் பணி அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள். வேதியியல் பின்னணி உள்ளவர்கள் அங்கே மிகவும் தேவைப்படுகிறார்கள்.

மறுமொழி 3 (பொதுச் சுகாதாரப் பரிசோதகர், யாழ்ப்பாணம்)

வணக்கம் தங்கச்சி. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லில் தங்குவது. மேல்மண் மெல்லியது, வெங்காயத் தோட்டத்துக்கு இடும் பசளையும் மலசலகூடக் குழியின் கசிவும் விரைவாகக் கிணற்றை அடைந்துவிடுகின்றன. அதனால் பல கிணறுகளில் நைத்திரேற்று (நைட்ரேட்; மிகுந்தால் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு தரும் உப்பு) உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுகிறது. கொதித்தாறிய நீரையே குடியுங்கள் என்று நாங்கள் தலைமுறை தலைமுறையாக மக்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். கிருமியைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரியான அறிவுரை. ஆனால் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடும். நாள் முழுவதும் அடுப்பில் திரும்பத் திரும்பக் கொதித்த நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய், எங்கள் அறிவுரையைக் கேட்டு நடப்பவர்தான். அவரிடம் முந்தைய பழக்கத்தைக் கைவிடச் சொல்லாமல், குழந்தையின் பாலுக்கு மட்டும் வேறு நீரைப் பயன்படுத்தச் செய்வது எப்படி என்பது எந்த ஆய்வுக்கூடத்திலும் தீராத கேள்வி.

வங்காளதேசத்தில் ஆர்செனிக் மிகுந்த குழாய்க் கிணறுகளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். எளிமையான வழிதான், ஆனால் பச்சைக் கிணறு அயல்வீட்டாரின் முற்றத்தில் இருந்தால், அங்கே போய் நீர் எடுக்க முடியுமா என்பதையும் யோசித்தாக வேண்டும். ஆகவே இடர் பற்றி மக்களோடு உரையாடுவதைத் தனிப் பாடமாகவும் களப்பயிற்சியாகவும் வைத்திருக்கும் துறையைத் தேடுங்கள். சேர்வதற்கு முன், கடந்த இரண்டு ஆண்டுகளின் மாணவர் ஆய்வேடுகளைக் காட்டும்படி துறையில் கேட்டுப் பாருங்கள். தரவு மாணவரே களத்தில் திரட்டியதா, ஆய்வு முடிந்ததும் அந்த ஊர் மக்களுக்கு முடிவைத் திரும்பச் சொன்னார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.