பழம்பாட்டில் வரும் ‘தூ’: கீரையா, தேயிலையா?

மூங்கில்:
சீனத்துப் பழைய பாடல் தொகையில், கணவன் கைவிட்ட ஒருத்தி சொல்கிறாள்: ‘தூ கசக்கும் என்று யார் சொன்னது? எனக்கு அது ஜீ போல இனிக்கிறது.’ அந்தத் தூ எழுத்தில் ஒரே ஒரு கிடைக்கோட்டை எடுத்துவிட்டால் இன்றைய சா, அதாவது தேயிலை. பத்துக் கோடு ஒன்பதாகிறது, அவ்வளவுதான். பழைய அகராதியைப் பதிப்பித்த சூ சுவான் 10ஆம் நூற்றாண்டிலேயே ‘இதுதான் இன்றைய சா எழுத்து’ என்று குறித்துவிட்டார். அவள் சொல்லும் கசப்பு தேயிலைக் கசப்பு என்பதே என் கட்சி.

தூரிகை:
ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜீ என்பது வயலோரம் முளைக்கும் கீரை. கீரைக்குக் கீரையைத்தான் ஈடு சொல்கிறாள். இன்னொரு பாட்டில் ஒன்பதாம் மாதம் தூ பறித்து, விறகு சேர்த்து, உழவர்களுக்கு உணவிடுகிறார்கள். வேறொரு பாட்டில் கோட்டைப் புறவாசலுக்கு வெளியே பெண்கள் ‘தூ போல’ நிற்கிறார்கள். அது நாணல் வகையின் வெண்பூ. கி.மு. 482இல் ஹுவாங்சியில் ஊ நாட்டுப் படை சதுரத்துக்குப் பத்தாயிரம் பேராக அணிவகுத்தது. வெள்ளை உடை, வெள்ளைக் கொடி, வெள்ளை இறகு அம்பு தரித்த சதுரம் ‘தூ போல’. சிவப்புச் சதுரம் ‘தீ போல’. தேயிலை என்று படித்தால் வெள்ளை எங்கிருந்து வரும்? இதில் பிறந்த ‘ரூ ஹுவோ ரூ தூ’ (தீ போல, தூ போல) என்ற தொடரைச் சீனர்களே அவசரத்தில் ‘ரூ சா’ என்று வாசித்துத் தவறுவதுண்டு.

மூங்கில்:
பூவை ஏற்கிறேன். ஆனால் கி.மு. 59இல் வாங் பாவ் எழுதிய அடிமை ஒப்பந்தத்தில் ‘தூ காய்ச்ச வேண்டும்’, ‘ஊயாங் போய்த் தூ வாங்க வேண்டும்’ என்று வருகிறதே. கீரை வாங்கவா ஊர்விட்டு ஊர் போவார்கள்? சியான் அருகே ஜிங் பேரரசரின் கல்லறை வளாகத்தில் தேயிலை எச்சமே கிடைத்திருக்கிறது. அவர் இறந்தது கி.மு. 141.

தூரிகை:
வாங் பாவ் சொல்வது தேயிலைதான், அதில் சண்டையில்லை. அவர் சிச்சுவான்காரர். சின் நாடு அந்த நிலத்தை, அன்றைய ஷூவை, பிடித்த பிறகே தேயிலை குடிக்கும் வழக்கம் வந்தது என்கிறார் அறிஞர் கூ யான்வூ (1613–1682). பிடித்தது கி.மு. 316. உங்கள் இரண்டு சான்றும் அதற்குப் பிந்தியவை, பாட்டோ முந்தியது.

கோடு குறைந்ததால் சொல் பிறந்தது என்பதும் தலைகீழ். ஹுனானின் சாலிங் ஊர்ப்பெயர் ‘ஹான் வரலாறு’ என்ற பழைய நூலில் தூ எழுத்தால் எழுதப்பட்டிருக்கிறது. உரைகாரர் யான் ஷிகூ (581–645) அதற்குத் தரும் ஒலிகளில் ஒன்று, ஓர் எழுத்தின் ஒலியை வேறு இரண்டு எழுத்துகளால் காட்டும் பழைய முறைப்படி, ‘ஜாங்’கின் முதல் மெய்யும் ‘ஜியா’வின் ஈற்றொலியும் சேர்ந்தது. சாவின் ஒலி தூவிலிருந்து முன்பே பிரிந்துவிட்டது. கோடு அடுத்த நூற்றாண்டில்தான் உதிர்கிறது.

அலைவாய்:
அந்த ஜாங்–ஜியா சூத்திரத்தை இன்றைய மாண்டரின் ஒலியில் கூட்டினால் சா வராது, தொடக்க மெய் அங்கே மாறிவிட்டது. தென்சீனப் பேச்சுமொழியான ஹொக்கியனில் கூட்டிப் பாருங்கள்: முதல் எழுத்து ‘தியோங்’, அடுத்தது பேச்சில் ‘கே’. த்+ஏ, தே! ஆகவே தே என்பது சாவின் சிதைவு அல்ல. சிங்கப்பூரில் டான் என்ற குடும்பப் பெயர் மாண்டரினில் சென் ஆவதும் இதே மாற்றம். பழைய நாநுனி மெய்யை ஹொக்கியன் காத்தது. மொழியறிஞர் சியான் தாசின் (1728–1804) இதை விளக்கினார். உயிரில் மட்டும் சாவின் ஆகாரம் பழையது, தேயின் ஏகாரம் புதியது. நம் தேயிலையும் தேநீரும் அந்தத் தே வழி வந்தவை. ‘தேனீர்’ என்று எழுதினால் இல்லாத தேன் நுழைந்துவிடும்.

மூங்கில்:
ஒலியில் வாதமில்லை. ஆனால் சூ சுவானை நான் கைவிடவில்லை. அவர் குறிப்பெழுதிய சொல் ‘கசப்புத் தூ’. எர்யா என்ற இன்னொரு பழைய அகராதி அதை மரப் பகுதியில் வைக்கிறது: ‘ஜியா என்பது கசப்புத் தூ’ (இந்த ஜியா வேறு எழுத்து). கீரை எப்படி மரமாகும்?

தூரிகை:
அதே எர்யாவின் புல் பகுதியையும் திறந்து பாருங்கள்: ‘தூ என்பது கசப்புக் கீரை’. ஒரே நூல், ஒரே எழுத்து, இரண்டு செடி. மரப் பகுதியை வாங் பாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் பாட்டுக்குப் புல் பகுதிதான்.