போருக்காக வெளிநாட்டில் போடும் தற்காலிக ஏர் பேஸ்: தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். கல்லூரிக்கான சர்வதேச அரசியல் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஆப்கன் போருக்காக 2001 டிசம்பரில் கிர்கிஸ்தானின் மனாஸ் விமான நிலையத்து ஓரத்தில் அமெரிக்கா கூடாரம் அடித்தது. பிரான்சின் மிராஜ், டென்மார்க், நெதர்லாந்து, நார்வே நாடுகளின் எஃப்-16 போர் விமானங்கள் எல்லாம் அங்கிருந்து பறந்தன. 2014இல் காலி செய்துவிட்டார்கள். 'விமானப்படைத் தளம்' என்று போட்டால் தாம்பரம், சூலூர் மாதிரி நிரந்தரம் என்று நினைத்துவிடுவார்கள். என்ன போடலாம்?

——

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறதே: பாடி. முல்லைப்பாட்டில் காட்டுப் புதரை அழித்து, முள்வேலி வளைத்து, 'படுநீர்ப் புணரியின் பரந்த பாடி' அமைக்கிறார்கள். காவலுக்கு யவனர், மிலேச்சர் என்று அயல்நாட்டார்; யானைப்பாகர் வாயில் வடமொழி. கூட்டுப்படைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 'வான்பாடி' என்று போடுங்கள்.

——

> வான்பாடி

ஐயா, பிழை திருத்துபவர் அதை 'வானம்பாடி' ஆக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார் :) பாசறை என்றால் கட்சி இளைஞரணி, படைவீடு என்றால் திருத்தணி. பேசாமல் 'விமானப்படை முகாம்' என்று போடுங்கள், எல்லோருக்கும் புரியும்.

——

முகாம் அரபுச் சொல். ரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாம் என்று நைந்தும் போய்விட்டது. என் பரிந்துரை 'வான்தாவளம்'. தாவளம் என்றால் தங்கிப்போகும் இடம். தாவு என்பது இடம், அளம் உப்பளத்தில் உள்ளதே, களம், வளாகம் எல்லாம் இதே வேர்தான் என்று தோன்றுகிறது, தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். இன்னொன்று: 2009இல் கிர்கிஸ் நாடாளுமன்றம் தளத்தை மூட வாக்களித்தது. அப்புறம் ஆண்டு வாடகையை 1.74 கோடி டாலரிலிருந்து 6 கோடியாக ஏற்றி, பெயரையும் 'டிரான்சிட் சென்டர்' (இடைத்தங்கல் மையம்) என்று மாற்றிக்கொண்டு தொடரவிட்டார்கள். நடுவானில் எரிபொருள் ஊட்டும் அதே கேசி-135 விமானங்கள்தான் அங்கே நின்றன. அந்தப் பெயருக்குத் தாவளம் அச்சாகப் பொருந்தும்.

——

ஐயா, அது அவர்கள் பூசி மெழுகிய பெயர். அதற்குப் பொருந்துகிறது என்பதே தாவளத்தை வேண்டாம் என்று சொல்லக் காரணம். அளம் களம் ஆராய்ச்சியைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே, திங்கட்கிழமை வந்துகொண்டிருக்கிறது.

——

சரி, நாலைந்து பேர் ஒத்துக்கொண்டதால் 'தற்காலிக அயலக வான்தளம்' என்று அனுப்பிவிடுகிறேன். நீளம்தான், வேறு வழியில்லை. எல்லோருக்கும் நன்றி.

——

> தற்காலிக

பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததைத் தற்காலிகம் என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்? அயலகம் யாருக்கு? கிர்கிஸ் தலைநகர் பிஷ்கேக்கின் மாணவனுக்கு அது உள்ளூர் விமான நிலையம். அனுப்புங்கள், ஆனால் நான் ஒத்துக்கொண்டதாக எழுதவேண்டாம்.